கண்ணாடி கழுவும் வேனும் அதன் பேட்டரியும்

காஜாங் என்றவுடன் சாத்தேயின் மணமே பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். சற்று வயது முதிர்ந்தவர்களுக்கு, 1890-களிலேயே ரப்பர் நடப்பட்ட இஞ்ச் கென்னத் தோட்டமும், அத்தகைய தோட்டங்களை நம்பி உழைத்து வாழ்ந்த நம்மவர் குடும்பங்களும் நினைவுக்கு வரலாம். இன்று அந்த மண்ணின் தோற்றமே வேறு. 2017-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி எம்.ஆர்.டி. ரயில் காஜாங்கை வந்தடைந்த பின்னர், பாங்கி, சுங்கை லோங், செமினி என்று நாற்புறமும் விரிந்து கொண்டிருந்த தாமான்கள் மேலும் நெருங்கி வளர்ந்தன. அவற்றோடு கூடவே, பழைய மர ஜன்னல்களுக்குப் பதிலாக, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியே சுவராக நிற்கும் கடைவரிசைகளும் அலுவலகங்களும் பெருகின. கண்ணாடி பெருகிய இடத்தில் அதைக் கழுவும் வேலையும் பெருகத்தானே வேண்டும்? 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டைச் சூழ்ந்த புகைமூட்டத்தைக் கண்டவர்களுக்கு, அதற்குப் பிறகு பெய்யும் முதல் மழை ஒவ்வொரு ஜன்னலிலும் எத்தகைய சாம்பல் கோடுகளை வரைந்துவிட்டுப் போகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூரின் வானளாவிய கோபுரங்களைத் துடைப்பதற்குத் தொங்கும் தொட்டில்களும் கயிற்றில் இறங்கும் பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. அது தனி உலகம். நாம் இங்கே பேசப்போவது இரண்டு மூன்று மாடிகளே உள்ள கடைகள், பங்களாக்கள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றின் ஜன்னல்களைக் கழுவும் சிறு தொழிலாளியைப் பற்றி. ஏணியும் துணியும் வாளியுமாக அலைந்த அவர் கையில் இப்பொழுது வந்திருப்பது, நுனியில் தூரிகை பொருத்திய நீண்ட கழி. வேனுக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து உப்பும் சுண்ணமும் நீக்கப்பட்ட சுத்த ஜலம், சிறு மின் பம்பு ஒன்றின் உந்துதலால், மெல்லிய குழாய் வழியே அத்தூரிகைக்கு ஏறுகிறது. கரைந்த பொருள் எதுவும் அதில் இல்லாமையால், துடைக்காமல் விட்டாலும் கறை இன்றிக் காய்ந்து விடுகிறது. கழுவுபவர் தரையிலேயே நிற்கிறார். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டில் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கென்று விதிமுறைகள் வந்தபோது, அங்குள்ளவர்கள் ஏணியை விட்டு இந்தக் கழிக்கு மாறுவது வேகம் பெற்றது. நம் நாட்டிலும் 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பெற்று, 2024 ஜூன் 1 முதல் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களையும் தழுவி நிற்கிறது. ஆதலால் ஏணியில் ஆளை ஏற்றும் சிறு முதலாளியும் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய காலம் இது.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் உயிர்நாடியாக இருப்பது வேனின் ஒரு மூலையில் கண்ணில் படாமல் கிடந்து அந்தப் பம்பை ஓட்டும் பேட்டரிதான். தொட்டியையும் கழியையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், பேட்டரி விஷயத்தில் மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் போட்டுவிட்டு, சில மாதங்களில் பம்பு முனகத் தொடங்கியதும் பேட்டரியின் தரத்தைப் பழிப்பதைப் பார்க்கிறோம். என் கருத்து வேறு. நம் ஊரில் இவ்வகைப் பேட்டரிகள் பெரும்பாலும் உழைத்துச் சாவதில்லை. பட்டினியாலும் உஷ்ணத்தாலுமே சாகின்றன. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், வேனை ஓட்டுவதற்கென்று இருக்கும் பேட்டரியிலேயே பம்பையும் இணைத்துவிடலாகாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி, சில வினாடிகளுக்கு மிகப் பெரிய மின்னோட்டத்தைக் கொட்டிவிட்டு உடனே ஓய்ந்துவிடும் வேலைக்காக, மெல்லிய ஈயத் தகடுகளைக் கொண்டு செய்யப்பட்டது. மணிக்கணக்கில் சிறுகச் சிறுக மின்சாரத்தைக் கொடுத்து ஆழமாக வற்றி மீண்டும் நிறைவதற்கு அது ஏற்றதன்று; அவ்வாறு சில டஜன் முறை வற்றினாலே தகடுகளில் பூசிய பசை உதிர்ந்து கீழே வண்டலாகிவிடும். 1859-இல் பிரான்சு தேசத்துக் காஸ்தோன் பிளாந்தே என்பவர் இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத் தக்க முதல் பேட்டரியைச் செய்தார். 1881-இல் காமீய் ஃபோர் அத்தகடுகளின்மீது ஈயப் பசையைப் பூசி அதைத் தொழிற்சாலைக்கு உகந்ததாக்கினார். அந்தப் பசை எவ்வளவு கனமாக, எவ்வளவு இறுகப் படிந்திருக்கிறது என்பதே இன்றளவும் கிளப்பும் பேட்டரிக்கும் 'டீப் சைக்கிள்' எனப்படும் ஆழ்ந்து வற்றத்தக்க பேட்டரிக்கும் உள்ள பேதம். நமக்கு வேண்டியது பின்னது.

எவ்வளவு பெரிய பேட்டரி வாங்குவது என்ற கேள்விக்கு விடை தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. 400 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஒருவர் ஜன்னல் கழுவும்போது நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டர் செலவாகும். ஆகவே தொட்டி காலியாக 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம் பம்பு ஓடியாக வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் இந்தச் சிறு பம்பு 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு தொட்டித் தண்ணீருக்குச் சுமார் 17 ஆம்பியர்-மணி மின்சாரம் செலவு. பகலில் இரண்டு தொட்டி கழுவுகிறவருக்கு 34. ஈயப் பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்குமேல் வற்றவிடாமல் காப்பதே நெடுநாள் உழைப்புக்கு வழியாதலால், 34-க்கு 68 வேண்டும். வயதாக ஆகக் கொள்ளளவு குறைவதையும் கணக்கில் சேர்த்தால், 100 ஆம்பியர்-மணிப் பேட்டரி பொருத்தமானது. இரண்டு ஆட்கள், இரண்டு பம்புகள் என்றாலும் தண்ணீர்க் கணக்கிலேயே போகலாம். தொட்டி எவ்வளவு காலியாயிற்று என்று பார்த்தால் பேட்டரி எவ்வளவு வற்றிற்று என்பது தெரிந்துவிடும். விளம்பரத் தாள்களைப் படித்து மயங்குவதைக் காட்டிலும் இந்த எளிய கணக்கு நம்பத் தகுந்தது.

இனி சார்ஜ் விஷயம். காஜாங் பழைய கடைத்தெருவில் பேட்டரி விற்கும் கடை ஒன்றில் நான் நின்று கொண்டிருந்தபோது, ஜன்னல் கழுவும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அண்ணே, பேட்டரி மறுபடியும் செத்துப் போச்சு. போன வருஷம்தானே புதுசு போட்டோம்?"

"ராத்திரியில சார்ஜ் போடுறியா தம்பி?"

"இல்லண்ணே, வண்டி ஓடுறப்ப ஏறிடும்னு விட்டுட்டேன்."

கடைக்காரர் மறுமொழி சொல்லாமல், முனைகளில் படிந்திருந்த பச்சைப் பூவைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்துப் பார்த்தார். 11.8 வோல்ட். "காலையில எங்கே வேலை?" என்று கேட்டார். பாங்கியில் என்றார் இளைஞர். "இங்கேருந்து பாங்கிக்கு எத்தனை நேரம் ஓட்டுவே? அதுக்குள்ள என்ன ஏறும்?" என்று சொல்லிவிட்டு, ஒரு காகிதத்துண்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கை வாசகர்களும் அறிந்திருத்தல் நலம். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு ரிலே வழியாக இரண்டாவது பேட்டரிக்கும் மின்சாரம் போகும்படி அமைப்பதே வழக்கம். பாதி வற்றிய ஈயப் பேட்டரி ஆரம்பத்தில் 15 ஆம்பியர் வாங்கிக் கொள்கிறது என்றே தாராளமாக வைத்துக் கொள்ளுங்கள். இருபது நிமிட ஓட்டத்தில் ஏறுவது 5 ஆம்பியர்-மணி. போக வர, இடையில் சாமான் வாங்க என்று நாளெல்லாம் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 15-ஐத் தாண்டாது. செராஸ்-காஜாங் சாலை நெரிசலில் எஞ்சின் மந்தமாக உறுமிக்கொண்டு நிற்கும் நேரத்தில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதும் குறைவுதான். செலவு 34, வரவு 15. மூன்றே நாளில் பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பின் அது ஒருபோதும் முழுமையாக நிறைவதில்லை. நிறையாத ஈயப் பேட்டரியின் தகடுகளில், வற்றும்போது உண்டாகும் ஈய சல்பேட் நாளடைவில் கெட்டிப் படிகங்களாக இறுகி, பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் கரையாமல், தகட்டின் அந்தப் பகுதியையே பயனற்றதாக்கிவிடுகிறது. பட்டினி என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆகவே இரவில், வீட்டு மின்சாரத்தில், நல்ல தானியங்கிச் சார்ஜரில் போட்டு வைப்பதே ஈயப் பேட்டரிக்கு முறையான போஷணை. 10 ஆம்பியர் சார்ஜரில், பகலில் செலவானதில் முக்கால் பங்கு மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும். மீதிக் கால் பங்குக்கு அதற்கும் மேற்பட்ட நேரம் ஆகும். காலையில் கொமுட்டர் ரயிலில் முதலில் ஏறுகிறவர்கள் கண்ட இடத்தில் சட்டென்று உட்கார்ந்துவிட, கடைசியில் ஏறுகிறவர்கள் ஒவ்வோர் இருக்கையாகத் தேடிக்கொண்டு நடக்கும் நிலைதான் தகடுகளின் உட்புறத்திலும். அந்தக் கடைசிக் கால் பங்குதான் சல்பேட்டைக் கரைப்பது. அதைப் பொறுக்காமல் இரண்டு மணி நேரத்தில் கழற்றிவிடுகிறவர் தம் பேட்டரிக்குச் சிறுகச் சிறுக விஷம் வைக்கிறார். நிறைந்ததா என்று பார்க்க, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளக்க வேண்டும்: 12.7 வோல்ட் இருந்தால் நிறைவு; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9-க்குக் கீழே போனால் அபாயம். பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் குறைந்த வோல்ட் அளவை நாமே வைக்கும் வசதி இருந்தால், அதை 10.5-க்கு விட்டுவிடக் கூடாது, 10.5 என்பது பேட்டரி முற்றிலும் வற்றிய எல்லை. ஒரு வோல்ட்டாவது மேலே வைத்தால் மாலையில் பம்பு சற்று முன்னதாக நிற்கும், பேட்டரி பிழைக்கும்.

வயரின் பருமனையும் அலட்சியம் செய்வதற்கில்லை. முன்புறத்திலிருந்து பின்புறப் பேட்டரிக்கு 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர், ஆக 10 மீட்டர் செம்பு வயர். அது 6 சதுர மில்லிமீட்டர் கனமானால், 25 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.7 வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிடும். ஆல்டர்னேட்டர் அனுப்பிய 14.2 வோல்ட் பேட்டரியை அடையும்போது 13.5 ஆகிவிடும், அந்த அழுத்தத்தில் பேட்டரி நிறையவே நிறையாது. 16 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்த நஷ்டம் கால் வோல்ட் அளவே. வயர் விலையில் மிச்சம் பிடிப்பவர் அதைப் பேட்டரி விலையில் இழந்துவிடுகிறார்.

இவ்வளவும் எந்த நாட்டுக்கும் பொது. நம் நாட்டுக்கென்று உள்ள சத்துரு உஷ்ணம். இத்தொழிலுக்கான வழிகாட்டி நூல்களும் அறிவுரைகளும் பெரும்பாலும் பிரிட்டிஷார் எழுதியவை. குளிர்காலத்தில் குழாய் உறையாமல் காப்பது எப்படி, பனியில் பேட்டரியின் சக்தி குறைவதை ஈடுசெய்வது எப்படி என்றெல்லாம் அவை பக்கம் பக்கமாகச் சொல்லும். நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே வாழும் நமக்கு அவற்றால் பிரயோஜனம் இல்லை. ஈயப் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரி உஷ்ணத்தை அடிப்படையாக வைத்துக் கணிக்கப்படுவது. அதற்குமேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் பிரமாணம். உச்சி வெயிலில் கதவடைத்து நிறுத்திய வேனின் உட்புறம் 45 டிகிரியைத் தாண்டுவது இங்கே சர்வ சாதாரணம். அந்த வேனில் இரும்புச் சுவரை ஒட்டி வெயில் படும் பக்கத்தில் பேட்டரியை வைத்தவர், மூன்றாண்டு உழைக்க வேண்டியதை ஓராண்டில் தீர்த்துவிட்டு, பெயர்பெற்ற பிராண்டு கூட இப்படியா என்று கேட்பதில் நியாயமில்லை.

சூட்டில் பேட்டரிக்கு வேண்டிய சார்ஜ் அழுத்தமும் குறைகிறது. ஒரு 12 வோல்ட் பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.02 வோல்ட் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. 25 டிகிரியில் 14.4 வோல்ட் கொடுப்பதானால், 40 டிகிரியில் 14.1 போதும். இதை அறியாத சார்ஜர் பழைய அளவையே கொடுத்துக் கொண்டிருக்க, உள்ளே நீர் பிரிந்து வாயுவாகி, பேட்டரி உலர்ந்து போகிறது. ஆகையால் உஷ்ணத்தை உணரும் சிறு கம்பி இணைந்த சார்ஜரைத் தேடி வாங்குவது நம் போன்றவர்களுக்கு ஆடம்பரமன்று, அவசியம். வேலை முடிந்து வீடு திரும்பியதும் பின்கதவைத் திறந்து காற்றோட விட்டு, குளித்துச் சாப்பிட்ட பின் சார்ஜில் போடுவது இன்னும் நல்லது. பேட்டரியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே, தரையோடு தாழ்வாக, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைக்கலாம். நானூறு லிட்டர் தண்ணீரின் குளுமை அதற்கும் சற்றுக் கிடைக்கும்.

எந்த இனத்துப் பேட்டரி என்பதற்கு இப்பொழுது வருவோம். திரவ அமிலம் நிறைந்த பழைய வகை விலை மலிவு. ஆனால் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும், மின்னேறும்போது அது விடும் ஹைட்ரஜன் வாயு காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும் தன்மையது. அடைத்த வேனுக்குள் இதை வைப்பதை நான் விரும்பமாட்டேன். வைத்தே தீர வேண்டுமென்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: உப்பு முற்றிலும் நீக்கிய அவர்களுடைய கழுவும் ஜலமே, மீட்டரில் பூஜ்யம் காட்டும் பட்சத்தில், பேட்டரிக்கு ஊற்றவும் தக்கது. ஜெல் வகை மென்மையானது; அழுத்தம் சற்று மிகுந்தாலும் உள்ளே குமிழி விழுந்து கெட்டுவிடும். ஏ.ஜி.எம். என்று வழங்கும் வகையில் அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும். மூடியைத் திறக்க வேண்டியதில்லை, வாயு வெளிவருவது அரிது, அதிர்ச்சியையும் தாங்கும். தரைவீட்டில் குடியிருந்து, வாசலில் வேனை நிறுத்தி, இரவெல்லாம் சார்ஜ் போடக்கூடியவருக்கு இதுவே போதுமென்பது என் துணிபு.

ஈய வகைகளுக்கு மாற்றாக இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. அதன் வரலாற்றில் தமிழர் ஒருவரின் பெயர் நெருங்கி நிற்பதை இவ்விடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் கற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர் டெக்ஸாஸிலும் ஜான் குட்இனஃப் என்ற பேரறிஞருடன் சேர்ந்து, சல்பேட் போன்ற தொகுதிகளைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை ஆராய்ந்தார். மலிவான இரும்பைக் கொண்டே உயர்ந்த மின்னழுத்தம் பெறலாம் என்பதை அந்த ஆராய்ச்சி காட்டிற்று. அதே குட்இனஃபின் ஆய்வுக்கூடத்தில் இந்தியர்களான பாதி என்பவரும் நஞ்சுண்டசுவாமி என்பவரும் பங்குகொண்ட ஆய்வில், 1997-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் குணங்கள் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டன. 2019-இல் குட்இனஃப் தம் 97-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஈயப் பேட்டரியைவிட எடையில் பாதிக்கும் குறைவு. 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி 28 கிலோ அளவில் இருக்க, இது 12 கிலோ அளவில் நிற்கும். தண்ணீரே நானூறு கிலோ ஏற்றும் சிறு வேனுக்கு அதுவும் ஒரு லாபமே. எண்பது சதம்வரை வற்றவிட்டாலும் 2,000 தடவைக்கு மேல் மீள்கிறது. நல்ல ஈயப் பேட்டரி பாதிவரை வற்றி மீள்வது சில நூறு தடவையே. முக்கியமாக, நிறையாமல் பாதியில் நின்றாலும் இதற்குக் கேடில்லை. முன்பு போட்ட கணக்கில் 34 ஆம்பியர்-மணி செலவுக்கு 50 ஆம்பியர்-மணி லித்தியமே போதும். ஆனால் இதை வெறும் ரிலே மூலம் ஆல்டர்னேட்டரில் சேர்த்தல் தவறு. இதன் உட்தடை மிகக் குறைவாதலால் அளவுக்கு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரையே பொசுக்கிவிடக்கூடும். இடையில் 20 அல்லது 30 ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தும் டி.சி.-டி.சி. சார்ஜர் கட்டாயம் வேண்டும். மைலேஜுக்காக ஆல்டர்னேட்டரின் அழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் புதிய வேன்களில் ஈயப் பேட்டரிக்குக்கூட இந்தச் சாதனமே உசிதம். இன்னொன்று: லித்தியத்தின் வோல்ட் கடைசிவரை ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்பதால், மீட்டரை வைத்து அளவறிய முடியாது, போன மின்சாரத்தையும் வந்த மின்சாரத்தையும் எண்ணிக் காட்டும் ஷண்ட் மானி வேண்டும். உஷ்ணம் 45 டிகிரிக்கு மேற்பட்டால் சார்ஜ் ஏற்றக் கூடாதென்று தயாரிப்பாளர்கள் பலர் விதித்திருப்பதால், நிழலும் காற்றும் இதற்கும் வேண்டியவையே.

பத்தாவது மாடியில் குடியிருந்து கீழே பொது நிறுத்துமிடத்தில் வேனை விடும் அடுக்குமாடிவாசிக்கு இரவுச் சார்ஜ் கிடையாது. அவருக்கு முப்பது கிலோ ஈயத்தை லிஃப்டில் ஏற்றியிறக்கச் சொல்வது கொடுமை, லித்தியமும் டி.சி.-டி.சி. சார்ஜருமே அவருக்கு வழி. ஒரு மணி நேர ஓட்டத்தில் 25 ஆம்பியர்-மணி ஏறிவிடும். குறைவதை வேனின் கூரையில் பதித்த 100 வாட் சூரியத்தகடு ஈடுசெய்யலாம். நம் வெயிலில் அது நாளொன்றுக்குச் சுமார் 20 ஆம்பியர்-மணி கொடுக்கும்; மாலை இடிமழை முன்னதாகவே வந்துவிடும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் அவ்வளவை எதிர்பார்க்கலாகாது.

எவ்வகையாயினும், பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் பியூஸ் ஒன்று இருத்தல் வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் பறந்து வராதபடி இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சார்ஜரை வைக்கக் கூடாது. செத்த ஈயப் பேட்டரியை வீட்டுப் பின்புறம் போட்டு வைப்பதும், தெருவில் வருகிற யாரோ ஒருவரிடம் கொடுப்பதும் குழந்தைகளுக்கு ஈய நஞ்சைக் கொடுப்பதாகும். 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் இது எஸ்.டபிள்யூ. 102 என்ற எண்ணிட்டுக் குறிக்கப்பட்ட கழிவு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால், அதன் எடைக்கு ஈடான சில வெள்ளிகளை விலையில் கழித்துக்கொண்டு, உருக்கி மீட்கும் உரிமம் பெற்றவர்களிடம் அனுப்பச் சொல்லலாம்.